சேர்ட்டிபிக்கேட் பையும் சிறு கம்பனிகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்து, ஒரே கிளினிக்கை நடத்தும் இரண்டு வைத்தியர்கள் சேர்ந்து எழுதிய உரை இது. மற்றவர் அந்தத் தூணடியில் இருக்கிறார். எங்கே பிழை விடுகிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வர்த்தகத் தகவல் தொழில்நுட்பத்தை மாற்றி அமைக்கும் சிறு நிறுவனங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று செயற்குழு கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ கேட்காமல் இதை ஏன் வைத்தியர்களிடம் கேட்கிறார்கள் என்று யோசித்தோம். பிறகுதான் விளங்கியது. இந்த விடயத்தில் சூடு கண்டவர்கள் நாங்கள் என்பது ஊருக்குத் தெரியும். இன்னொன்று, எங்கள் சங்கத்தின் நூறு ஆண்டு அங்கத்தவர் பதிவுகளையும் சேர்வு இடாப்புகளையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். இரண்டு விலைக்கோரல்கள் வந்திருக்கின்றன. ஒன்று பெரிய நிறுவனத்தினது. மற்றையது மூன்று பேர் நடத்தும் சிறு கம்பனியினது. வருகிற பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தப் போகிறவர்கள் நீங்கள். ஆகவே இது வெறும் விழாப் பேச்சு அல்ல.

முதலில் ஒரு பெண்ணின் கதை. எங்கள் ஊர்க்கதை அல்ல. 1933இல் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் பிறந்தவர். தகப்பனார் யூதர், நீதிபதி. ஹிட்லரின் ஆட்சியில் அந்தப் பதவி பறிபோனது. 1939இல், போர் தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர், ஐந்து வயதில், ஒன்பது வயதான அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை மட்டும் ஏற்றிவந்த புகையிரதத்தில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எடுத்து வளர்த்தது. பின்னாளில் ஸ்டெபனி ஷேர்லி என்று உலகம் அறிந்தவர் அவர்தான்.

இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர் படித்த பெண்கள் பாடசாலையில் கணிதம் போதிய அளவுக்குக் கற்பிக்கப்படவில்லை. கணிதம் படிக்க அவர் பக்கத்து ஆண்கள் பாடசாலைக்குப் போய்வர வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரியில் கணிதப் பிரிவு தொடங்குவதற்காக அலைந்து திரிந்த பழைய அதிபர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பதினெட்டு வயதில் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் ஆய்வு நிலையத்தில் வேலை. மாலை வகுப்புகளுக்குப் போய் ஆறு வருடம் படித்துப் பட்டம். பதவி உயர்வு ஓரிடத்துக்கு மேலே போகவில்லை. பெண் என்பதுதான் காரணம். 1962இல், கைக்காசு ஆறு பவுணோடு சொந்தமாக ஒரு கம்பனி தொடங்கினார். தங்கப் பவுண் அல்ல பிள்ளைகளே, ஸ்டேர்லிங் பவுண். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம்.

அந்தக் கம்பனி விற்றது மென்பொருள். அந்தக் காலத்தில் கணினி வாங்கினால் மென்பொருள் இலவசமாகக் கூட வரும். இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு விற்கப் போகிறாளாம் என்று சிரித்தார்கள். அவருடைய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி ஸ்டெபனி என்பதை விட்டு 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் நேரில் சந்திக்க அழைப்புகள் வந்தன. வந்து நிற்பது பெண் என்று தெரியும்போது, அவர் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டிருப்பார்.

வேலைக்கு எடுத்தது யாரை? கலியாணம் முடித்தோ பிள்ளை பிறந்தோ வேலையை விட்டு நின்ற, கணினித் துறையில் பயிற்சி பெற்ற பெண்களை. முதல் முந்நூறு ஊழியர்களில் ஆண்கள் மூன்றே பேர். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். வேண்டிய உபகரணம் ஒரு தொலைபேசி மட்டும். வீட்டில் கணினி இல்லை. ஒருவர் வீட்டிலும் இல்லை. நிரலைத் தாளில் பென்சிலால் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அதைத் துளைநாடாவிலோ அட்டையிலோ குத்தி எடுத்து, சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் எங்கோ ஓரிடத்திலிருக்கும் கணினிக்குக் கொடுப்பார்கள். வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிடும்போது பிள்ளை அழுகிற சத்தம் கேட்கக்கூடாது என்று, தட்டச்சுச் சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்து பின்னணியில் ஓடவிடுவாராம் ஷேர்லி. கொரோனாக் காலத்தில் சூம் கூட்டத்தில் இருந்துகொண்டு சமையலறைக் குக்கருக்குப் பயந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலாக்கம் இந்த வீட்டுப் பெண்களின் வேலை. 1975இல் பிரித்தானியாவில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பெண்களையே எடுப்பது என்ற அவருடைய கொள்கை அந்தச் சட்டத்தால் சட்டவிரோதமாகிவிட்டது. ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். கம்பனி வளர்ந்தபோது அதன் பங்குகளை ஊழியர்களுக்கே பகிர்ந்து கொடுத்தார். அவர்களில் எழுபது பேர் மில்லியன் பவுண் சொத்துக்காரரானார்கள். 2025 ஓகஸ்டில் அவர் காலமானார்.

இன்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் வீட்டிலிருந்து வேலை, நேரம் பார்க்காமல் முடித்த வேலைக்குக் காசு, மென்பொருளைத் தனிப் பண்டமாக விற்பது என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகின்றன. 1962இல் ஒரு சாப்பாட்டு மேசையில் இவை எல்லாம் இருந்தன. பெரிய நிறுவனங்கள் வெளியே தள்ளியவர்களை வைத்து வேலை செய்தபடியால்தான் அவருக்கு வேறு வழி கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்பது எங்கள் எண்ணம்.

இந்தக் கதையை வாசித்தபோது எங்களுக்கு நினைவு வந்தது ஜாம் போத்தல் விளக்கு. 1990க்குப் பிறகு பல வருடங்கள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கத்துக்குச் சமம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டு அந்தச் சின்ன வெளிச்சத்தில் படித்தோம். கணினியைப் படத்தில்தான் கண்டிருந்தோம். எங்களால் நிரல் எழுதப் பழக முடியாது என்று அன்று நினைத்தோம். பென்சிலும் தாளும் போதும் என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால், ஒருவேளை இன்று நாங்கள் இருவரும் ஊசி போட்டுக்கொண்டு இருந்திருக்க மாட்டோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. எங்களுக்குப் பதினைந்து வயது. எல்லா வீட்டிலும் அம்மாமார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை, சேர்ட்டிபிக்கேட் பையை எடுத்தனியே?" பிறப்புச் சான்றிதழ், உறுதி, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, அப்பாச்சியின் கிளினிக் கொப்பி எல்லாம் அந்தப் பைக்குள். வீட்டை விட்டுவிட்டுப் போகலாம், பையை விடக்கூடாது. பை இல்லாமல் போனவர்கள் தாங்கள் யார் என்று நிரூபிக்கப் பின்னர் பட்ட பாட்டை நாங்கள் கண்டோம்.

இனி எங்கள் கிளினிக்குக்கு வருவோம்.

கிளினிக் தொடங்கியபோது ஒரு மென்பொருள் வாங்கினோம். விற்ற நிறுவனத்தின் பெயர் வேண்டாம். திரையில் பார்க்க அழகாக இருந்தது. நான்கு வருடம் நோயாளரின் விபரங்களை அதில் ஏற்றினோம். பிறகு வருடக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். வேண்டாம், எங்கள் தரவைத் தந்துவிடுங்கள் என்று கேட்டோம். அது எங்கள் வடிவமைப்பில் இருக்கிறது, வெளியே எடுக்க முடியாது என்று மின்னஞ்சல் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கடவுச்சொல் வேலை செய்யவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். தரவு யாருடையது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதை வாசிக்காமல் கையொப்பமிட்டது நாங்கள்தான்.

அடுத்த கிழமை ஒரு வயதான அம்மா காலில் புண்ணோடு வந்தார். பென்சிலின் வகை மருந்து எழுதினோம். தாதி ஊசியை எடுத்துவிட்டார். கூட வந்த மகள்தான் தடுத்தார்: "டொக்டர், அம்மாவுக்குப் பென்சிலின் சரிவராது. முந்தி உங்களிட்டச் சொன்னனாங்கள்தானே, கொம்பியூட்டரில அடிச்சனீங்கள்." அடித்திருந்தோம். சிவப்பு எழுத்தில் அடித்திருந்தோம். அது எங்களால் திறக்க முடியாத ஓரிடத்தில் இருந்தது. ஊசி போடுமுன் நாங்கள் வாயால் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிழையை மென்பொருளின் தலையில் போட முடியாது. ஆனால் திரை ஞாபகம் வைத்திருக்கும் என்று நம்பிப் பழகிய கண், கேட்க மறந்துபோகும் என்பதை அன்றைக்குக் கண்டோம். அந்த அம்மா இன்றும் கிளினிக்குக்கு வருகிறார். வரும்போதெல்லாம் மகள் முதலில் சொல்வது அந்த ஒரு வசனம்தான்.

அதன் பிறகு வந்தவர் எங்கள் கல்லூரியின் பழைய மாணவி ஒருவர். எங்களை விடப் பதினைந்து வருடம் இளையவர். அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு வீட்டின் முன் அறையில் கம்பனி நடத்துகிறார்கள். விலை பேசுவார் என்று பார்த்தோம். அவர் கேட்டது வேறு: "டொக்டர் அக்கா, நீங்கள் ஆக்களைப் பார்க்கிற நேரத்தில ஒரு கிழமை மருந்து குடுக்கிற மேசைக்குப் பக்கத்தில இருந்து பார்க்கலாமோ?" இருந்தார். கொப்பியும் பேனாவும் மட்டும். கணினியைத் திறக்கவே இல்லை.

அந்த ஒரு கிழமையில் அவர் கண்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறோம், ஏனென்றால் இதுதான் சிறு கம்பனிகளின் பலம். பழைய மென்பொருள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்டது. எங்களவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயரைச் சிலர் முன்னே போடுவார்கள், சிலர் பின்னே. கலியாணம் முடித்தவர் கணவன் பெயரைச் சொல்வார். சிவகாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். அதனால் ஒரே அம்மா மூன்று ஆட்களாகப் பதிவாகியிருந்தார். ஒருவருக்கு நீரிழிவு, இன்னொருவருக்கு இல்லை. அடையாள அட்டை இலக்கத்தால் தேடலாம் என்றால், பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். அட்டை மாற்றியவர் புது ஆளாகிவிடுவார். தொலைபேசி இலக்கத்தால் தேடினால் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே இலக்கம்.

அந்தப் பிள்ளை செய்தது இதுதான். தொலைபேசி இலக்கத்தை அடித்தால் முழுக் குடும்பமும் திரையில் வரும். தமிழ்ப் பெயரும் வயதும் பார்த்து ஆளைத் தெரிவு செய்யலாம். பழைய அட்டை இலக்கமும் புதியதும் ஒரே ஆளுக்கு என்று மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். ஒவ்வாமை இருந்தால், அதை வாய்விட்டுக் கேட்டேன் என்று தாதி ஒவ்வொரு முறையும் குறித்த பிறகுதான் மருந்துப் பக்கம் திறக்கும். அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இணையத்தில் மட்டும் இயங்கும் மென்பொருள்கள் அன்று படுத்துவிட்டன. எங்களுடையது மடிக்கணினிக்குள் தனியே இயங்கி, மின்சாரம் வந்ததும் மற்றக் கணினிகளோடு தன்னைச் சரிபார்த்துக்கொண்டது. மின்சாரம் இல்லாத ஊரில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் அது இருக்கும் என்று நம்பி ஒரு பொருளைச் செய்ய மாட்டார்கள்.

சிறியது எல்லாம் நல்லது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் தரவைப் பூட்டி வைத்த நிறுவனமும் பெரியதொன்றல்ல. இந்தப் பிள்ளைகளின் கம்பனியிலும் மூவரில் ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் எழுதிய பகுதியில் ஒரு பிழை வந்தபோது திருத்த ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் பற்றுச்சீட்டைக் கையால் எழுதினோம். ஆனால் இம்முறை பை எங்கள் கையில் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முழுத் தரவும், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணையாக, எங்கள் இறாக்கைக்கு வருகிறது. மென்பொருளின் மூலநிரல் ஒரு சட்டத்தரணியிடம் உறையிட்டு இருக்கிறது. கம்பனி மூடப்பட்டால் அதை எடுத்து வேறொருவரைக் கொண்டு நடத்தலாம். இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் போடச் சொன்னது நாங்கள் அல்ல, அந்தப் பிள்ளைதான்.

இந்த யோசனை அவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். கொழும்பில் ஒரு கம்பனியில் பயிற்சிக்கு இருந்தபோது படித்தது என்றார். டபிள்யூ.எஸ்.ஓ.2 என்று ஒரு கம்பனி. ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவில் வேலை செய்த சஞ்சீவ வீரவரணவும் கூட்டாளிகளும் 2005இல் தொடங்கியது. அது செய்வது ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருளோடு பேச வைக்கும் இணைப்பு வேலை. வைத்தியசாலைப் பாஷையில் சொன்னால், விடுதிக்கும் ஆய்வுகூடத்துக்கும் மருந்தகத்துக்கும் இடையே துண்டோடு ஓடுகிற சிற்றூழியரின் வேலை. அவர் ஒரு நாள் வராவிட்டால் ஆஸ்பத்திரி நின்றுவிடும், ஆனால் அவருடைய பெயர் எந்தப் பலகையிலும் இராது. இந்தக் கம்பனி தன் மூலநிரலை யாரும் எடுத்துப் பார்க்கவும் பாவிக்கவும் திறந்தே வைத்தது. கோளாறு பார்ப்பதற்கும் ஆலோசனைக்கும்தான் காசு. ஈபே போன்ற பெரிய நிறுவனங்களே பாவித்தன. 2024இல் ஈ.கியூ.ரி. என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. கம்பனி கை மாறினாலும் ஏற்கெனவே திறந்துவிட்ட நிரலை யாரும் திரும்பப் பூட்ட முடியாது. இலங்கையில் தொடங்கிய ஒரு சிறு கம்பனி உலகச் சந்தையில் இதை வைத்தே பிழைத்தது என்பதை முன்வரிசைப் பிள்ளைகள் கேட்டு வைத்திருங்கள். கொழும்புக்குப் போகாமலும் தொடங்கலாம். யாழ் ஐ.ரி. ஹப் நடத்தும் போட்டிகளில் பாடசாலைப் பிள்ளைகளே தங்கள் ஆக்கங்களோடு வந்து நிற்கிறார்கள்.

இனி எங்கள் சங்கத்தின் இடாப்புகள். செயற்குழு கொடுத்த இரண்டு விலைக்கோரல்களையும் இருவரும் உட்கார்ந்து வாசித்தோம். பெரிய நிறுவனத்தினது நாற்பத்தொரு பக்கம். படங்கள் வடிவாக இருக்கின்றன. எங்கள் தரவை நாங்கள் திருப்பி எடுப்பது எப்படி என்று அதில் இல்லை. சிறு கம்பனியினது மூன்று பக்கம், இரண்டு எழுத்துப் பிழை. மூன்றாம் பக்கத்தில் அந்த விபரம் இருக்கிறது. விலை அவ்வளவு வித்தியாசம் இல்லை. எங்கள் கை எந்தப் பக்கம் உயரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறோம்: மூன்று பக்கத்துக்கு. ஆனால் பெரியவர்கள் அந்த ஒரு பக்கத்தைச் சேர்த்து எழுதித் தந்தால் திரும்ப யோசிப்போம். பொருளாளர் அக்கா கடிதம் எழுதிக் கேட்கலாம். இன்னொன்று, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கத்தவர்களின் முகவரி, தொலைபேசி எல்லாம் அதற்குள் வருகிற விடயங்கள். வாட்சப் குழுவில் அட்டவணையாகப் போடுகிற பழக்கத்தை நிறுத்த வேண்டும். இதைச் சொல்லும்போது சிலர் குனிவது தெரிகிறது.

அந்த இடாப்புகள் எப்படித் தப்பின என்று புதிய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1995 இடப்பெயர்வின்போது கல்லூரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒருவர், தன் வீட்டுச் சாமானை விட்டுவிட்டு, சேர்வு இடாப்புகளை உரப்பைக்குள் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கொடிகாமம் வரை உருட்டிக்கொண்டு போனார். மழையில் இரண்டு நனைந்து ஒட்டிப்போயின. மற்றவை இருக்கின்றன. வெளிநாட்டுக்குப் போக எங்களில் எத்தனையோ பேர் எடுத்த பாடசாலை விடுகைப் பத்திரம் அவற்றைப் பார்த்து எழுதியதுதான்.

ஒட்டிப்போன அந்த இரண்டையும் பிரித்துப் படம் எடுக்கலாமா என்று பார்க்க வருகிற சனிக்கிழமை அந்தக் கம்பனிப் பிள்ளை நூலகத்துக்கு வருகிறார். ஒப்பந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மிகப் பழைய இடாப்புகளில் கையெழுத்து எங்களுக்குப் பிடிபடவில்லை. மருந்துச் சிட்டை எழுதுகிறவர்களுக்கே பிடிபடவில்லை என்றால் பாருங்கள். அந்தக் காலத்து அக்காமார் யாராவது கண்ணாடியோடு வந்தால் பெரிய உதவி. கிளினிக் ஒரு மணிக்குப் பூட்டும். இரண்டு மணிக்கு நாங்கள் நூலக வாசலில் நிற்போம்.